ஒரு வீட்டுச் சல்லியில் இரண்டு அத்திவாரம்

முளையைப் பிடுங்கியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட எனக்கு மனமில்லை.

கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. எங்கள் வளவில் கணவதி மேசன் நூல் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு மூலைக்கும் நான்கு முளை அடித்தாயிற்று. மஞ்சள் நூல் இழுபட்டு நின்றது. அதற்குள்ளேதான் எங்கள் வீடு வரப்போகிறது. நான் அந்த நூலைச் சுற்றி எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கில்லை. கால் நிலத்தில் நிற்கவில்லை.

அப்படி நடந்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அந்தக் கட்டம் சின்னதாகத் தெரிந்தது. கிழக்குப் பக்கத்து முளை இரண்டையும் பிடுங்கினேன். எட்டி எட்டி நடந்து, முன்பிருந்த அகலம் இன்னொரு தரம் வரும்வரைக்கும் போய், அங்கே ஊன்றினேன்.

"தங்கச்சி, முளையை எங்க கொண்டு போறீங்க?" என்று மேசன் கேட்டார்.

"எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள் அண்ணே. ரெண்டு வீடு வேணும்."

"சல்லி ஒரு வீட்டுக்குத்தானே தந்திருக்கிறாங்க? ரெண்டுக்குக் காசு எங்க?"

"அத்திவாரத்தைப் போட்டு வைப்பம். மிச்சம் வரும்."

மேசன் என் கணவரைப் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டால் இவர் பார்க்கிற இடம் அதுதான்.

வீடு யாருடையது

இந்தத் தொடரை வேறு ஊர்களில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைத் தாயும் தகப்பனும் கட்டி வைத்திருக்க வேண்டும். மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்குக் கட்ட வேண்டும். எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் பின்வளவில் ஒரு சின்ன ஓலைக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். அதில் யாரும் கண்ணைக் கசக்கியதில்லை. அதுதான் முறை.

என் அம்மா எனக்குத் தந்த வீடு கடலோரத்தில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சின்னதானாலும் கல்வீடு. முன்னால் இவருடைய சைக்கிள் கடை. கடல் எழும்பிய அந்தக் காலையில் நாங்கள் கொக்கட்டிச்சோலையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் தப்பினோம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் சுவர் ஒன்றும் இல்லை, கடை இல்லை, தென்னை இல்லை. நிலம் மட்டும் இருந்தது. அரிசி புடைக்கிற இடத்தில் நான் பூசிய சிவப்புச் சீமெந்து அப்படியே பளபளத்தது. அதைப் பார்த்துத்தான் இது என் வீடு என்று எனக்கு நிச்சயமானது.

அதன் பிறகு ஆறேழு வருசம் அலைச்சல். கடலுக்குப் பயந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனோம். விழுந்து வெடிக்கிற செல்லுக்குப் பயந்து கடற்பக்கத்து எழுவான்கரைக்கு ஓடி வந்தோம். தறப்பாள் கூடாரம், பள்ளிக்கூட மண்டபம், தகரக் கொட்டில். சண்டை முடிந்து இரண்டு மாரி கழிந்த பிறகுதான் படுவான்கரையில் அம்மா வழி வந்த துண்டு வளவில் மறுபடி அடுப்பு மூட்டினோம். அப்போது மூத்தவள் வினோதினிக்குப் பதினைந்து. சின்னவள் சுகிக்குப் பதினொன்று.

இரண்டு பெண்கள், கையில் கொடுக்க ஒரு கல் கூட இல்லை. இது என்னைத் தின்றுகொண்டிருந்தது. கலியாண வீடுகளுக்குப் போக வெட்கமாயிருந்தது. "மூத்தவளுக்கு என்ன வச்சிருக்கிறாய்?" என்று ஒருத்தி கேட்டால் போதும், அன்றைக்கு முழுக்க இவரோடு சண்டை பிடிப்பேன். அவர் என்ன செய்வார், பாவம்.

பெயர் வந்தது

அந்த நேரத்தில் வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. கிராம சேவகரின் அலுவலகக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரை நானே கண்டேன். மேலே இருந்து கீழே ஒரு தரம், கீழே இருந்து மேலே ஒரு தரம் வாசித்தேன். பக்கத்தில் நின்ற பொன்னம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் எங்கள் அடுத்த வளவு. அவருடைய பெயரும் இருந்தது. இரண்டு பேரும் வெயிலில் நின்று கெக்கட்டம் விட்டுச் சிரித்ததைப் பார்த்து, உள்ளே இருந்த உத்தியோகத்தர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார்.

சல்லி ஒரே தரத்தில் வராது. தவணை தவணையாக வரும். வேலை தொடங்க முதல் தவணை. சன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரைக்கும் சுவர் எழும்பினால் இரண்டாவது. கூரை போட்டால் மூன்றாவது. மாரி தொடங்குவதற்கு முன்னால் லிண்டலுக்கு வராத வீடுகளைப் பட்டியலில் இருந்து வெட்டி, காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் அதையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நானே எஸ்டிமேட் போட்டேன். கல் இவ்வளவு, மண் இவ்வளவு, சீமெந்து இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் முதல் தவணையில் ஒரு வீட்டின் அத்திவாரம் போக நிறைய மிச்சம் வந்தது. அந்த மிச்சம் சுவருக்கு என்பது என் புத்தியில் ஏறவில்லை. மிச்சம் என்றால் சுகியின் வீடு. அவ்வளவுதான். முளையைப் பிடுங்கியதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

கல்லும் மண்ணும்

அந்த மூன்று கிழமையும், இருபத்தொரு நாளும், என் வாழ்க்கையிலேயே சந்தோசமான நாட்கள் என்றுதான் சொல்வேன். பிழையைத் தெரிந்து சொல்கிறபோதும் அப்படித்தான் சொல்ல வருகிறது.

வெல்லாவெளிப் பக்கம் இருந்து உழவு மெசின் பெட்டியில் கருங்கல் வந்து கொட்டும். அந்தச் சத்தத்துக்கு அயல் முழுக்க வந்துவிடும். அத்திவாரத்துக்குப் பள்ளமாகக் கான் வெட்டி, கல் அடுக்கி, கலவை போட்டு, மறுபடி கல். ஈரச் சீமெந்து வாசம் வளவு முழுக்க. வினோதினியும் சுகியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உடுப்பு மாற்றாமல் வாளியைத் தூக்குவார்கள். கச்சானில் கலவை சடுதியில் காய்ந்துவிடும். காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் கீழே கிடந்தது. கயிறு இழுத்து என் உள்ளங்கை உரிந்துவிட்டது. அதையும் ஆட்களுக்குக் காட்டிப் பெருமையடித்தேன்.

இரண்டு அத்திவாரமும் ஒன்றையொன்று ஒட்டியபடி எழும்பி நின்ற பின்னேரம், நான் அதன்மேல் ஏறி நுனியிலிருந்து நுனிக்கு நடந்தேன். பாதையால் போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, "என்னகா, பள்ளிக்கூடமா கட்டுற?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு புழுகம்.

அடுத்த நாள் காலை சீமெந்து வாங்க இவரிடம் சல்லியைக் கேட்டேன். இவர் துணிப்பையை என் மடியில் கவிழ்த்துக் கொட்டினார். இரண்டு மூட்டை சீமெந்துக்குக் கூடக் காணாது.

துறைக்கு இந்தப் பக்கம்

எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. மேசன் களவெடுத்துவிட்டார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பாவத்தை இப்போது எழுத்தில் சொல்லி ஆறுகிறேன்.

இவர்தான் கடைகளில் தந்த விலைத் துண்டுகளை எல்லாம் எடுத்து விரித்தார். இவர் சைக்கிள் திருத்துகிறவர். ஒவ்வொரு ஆணியையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்துப் பழகியவர். நான் போட்ட எஸ்டிமேட்டில் சீமெந்தின் விலை, வாவிக்கு அந்தப் பக்கம் பட்டணத்தில் புளியந்தீவுக் கடையின் விலை. அந்த மூட்டை மண்முனைத் துறையில் பாதையில், வாகனம் ஏற்றுகிற மிதவையில், ஏறி வாவியைக் கடந்து வர வேண்டும். இப்போது அங்கே பாலம் இருக்கிறது. அப்போது இல்லை. லொறி துறையில் காத்துக் கிடக்கிற கூலி, பாதைக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. என் எஸ்டிமேட்டில் அந்த வாவியே இல்லை. காலையும் பின்னேரமும் பார்க்கிற வாவியை நான் மறந்துவிட்டேன்.

இன்னொன்று. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டியது. முதல் கிழமை ஒரு விலைக்கு வந்த மண், மூன்றாம் கிழமை வேறு விலை. ஆட்களின் நாட்கூலியும் ஏறியது. வேலையாட்களின் தேத்தண்ணீர், பகல் சோறு, முதற்கல் வைத்த நாளின் பூசைச் சாமான், மேசனுக்கு வேட்டி. ஒன்றும் என் எஸ்டிமேட்டில் இல்லை. போதாததற்கு எல்லாம் இரண்டு மடங்கு.

என் தாலிக்கொடியை அடைவு வைக்கிறேன் என்றேன். இவர் அன்றைக்குத்தான் வானத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "கொடியை வச்சா நாலு வரிசைக் கல்லு எழும்பும். மறுகா?" என்று கேட்டார். நான் கொடியில் இருந்த கையை எடுத்தேன். ஆடி முடியப் போகிறது. மாரிக்கு அதிக நாள் இல்லை. இரண்டு வீடு என்று ஆசைப்பட்டு, இருக்கிற ஒன்றும் வெட்டுப்பட்டு, அடுத்த ஆளுக்குப் போய்விடப் போகிறது. இந்த முறை கடல் எடுக்கவில்லை, நானே கொடுக்கப்போகிறேன்.

மேலே இருந்து கீழே

கணவதி மேசன் அன்றைக்குக் கூலிக்கு வரவில்லை, சும்மா வந்தார். சங்கதி அவருக்குத் தெரிந்துவிட்டது. வெறும் சீமெந்துப் பையொன்றைக் கிழித்து, உள்பக்கத்தை மேலே விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நான் அத்திவாரத்தில் இருந்து தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கூரையில இருந்து கீழ வாங்க தங்கச்சி" என்றார். "எல்லாரும் நிலத்துல இருந்துதான் எண்ணுறாங்க. அதாலதான் பாதி ஊருல சுவர் மட்டும் நிக்கிது. ஓட்டுக்கும் மரத்துக்கும் உள்ளதை முதல்ல எடுத்து ஒளிச்சு வைங்க. மிச்சத்துல சுவர். அதுக்கும் மிச்சத்துலதான் எவ்வளவு நிலம் எண்டு பாக்கணும்."

அப்படியே எழுதினோம். மேலே ஓடு, மழைத் தண்ணீர் வழியப் பீலி, ஓட்டைத் தாங்குகிற தீராந்தி மரம், மரவேலை செய்கிற ஓடாவியின் கூலி. அதற்குக் கீழே சுவர். துறையைக் கடக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் பாதைக்கூலியை இவர் எழுதினார். விலை ஏறினால் என்று ஒரு வரி. மழை பிடித்து வேலை நின்றால் என்று ஒரு வரி. நிலை வைக்கிற நாளுக்கு என்று ஒரு வரி. நான் அந்த நாளுக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட நினைத்திருந்தேன். மேசன் அதில் வெற்றிலைத் தட்டு, ஓடாவிக்கு ஒரு வேட்டி என்று மட்டும் எழுதினார்.

எனக்குள் அழுகையும் வந்தது, வேறு ஒன்றும் வந்தது. என்னவென்றால், முதன்முதலாக அந்த வீடு எனக்குத் தெரியத் தொடங்கியது. முன்பு நிறம்தான் தெரிந்தது. இப்போது இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி, அதற்கு மேல் எத்தனை ஓடு என்பது வரைக்கும் தெரிந்தது. கட்டக்கூடிய வீடு. சின்னது, ஆனால் நிச்சயம்.

எல்லாம் எழுதி முடித்து மேசன் தலையைச் சொறிந்தார். நாங்கள் இரண்டு பேரும் எங்கே படுக்கப்போகிறோம் என்று கேட்டார். மகளுக்குக் கொடுத்த பிறகு பின்வளவில் கொட்டில் போடுவோம்தானே என்றேன். அப்படியென்றால் கொட்டிலுக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று பென்சிலை வைத்தார். எப்படிச் சுருக்கிப் பார்த்தும் அதற்குச் சல்லி வரவில்லை. இவர், "நான் வந்த ஆள்தானே, எங்கயாவது கிடப்பன்" என்று பகிடி விட்டார். கொட்டிலை வெட்டினோம்.

அதையும் வெட்டிய பிறகும் சுவருக்குக் கல் போதவில்லை. மேசன் எழுந்து போய், சுகியின் பக்கத்து அத்திவாரத்தை இரும்பு அலவாங்கு முனையால் தட்டிப் பார்த்தார்.

"இது கடைசியாப் போட்ட பக்கம். கலவை இன்னும் நல்லா இறுகல்ல. இப்ப கிளப்பினாக் கல்லு முழுசா வரும்" என்றார்.

அலவாங்கு

போட்ட அத்திவாரத்தைக் கிளப்புவது எங்கள் பக்கத்தில் நல்லதென்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் ஒரு பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. சுகியிடம் என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் கோணலாகப் போய்விட்டது, எடுத்துத் திருப்பிப் போடப்போகிறோம் என்று பொய் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதல் கல்லை நான்தான் கிளப்பினேன். முளையைப் பிடுங்கிய கை இதையும் செய்யட்டும் என்று மேசனிடம் இருந்து அலவாங்கை வாங்கினேன். கல் அசைந்து எழும்பியபோது தொட்டுக் கும்பிட்டேன். இரண்டாவது கல்லையும் அப்படித்தான். பத்தாவது கல்லுக்கு வந்தபோது எனக்குச் சூடு பிடித்துவிட்டது. இவர், வினோதினி, சுகி, நான், மேசன், ஐந்து பேரும் வரிசையில் நின்று கைமாற்றினோம். சுகிதான் எங்கள் எல்லாரையும் விடக் கெதியாகச் சுமந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கல்லைக் கொடுத்தேன்.

பொன்னம்மா அக்காவுக்கு அப்போதுதான் அத்திவாரம் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் முன்யோசனைக்காரி. முதல் தவணை வந்ததுமே விலை ஏற முன்னம் சீமெந்தை வாங்கி, அச்சுப் பிடித்துச் சீமெந்துக் கல் வார்த்து வேலியோரம் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் கருங்கல்லை எடுத்துக்கொண்டு உங்கள் சீமெந்துக் கல்லைத் தாருங்கள் என்று கேட்டேன். ஒரு வீட்டில் கிளப்பிய கல்லா என்று யோசித்தார். மேசன் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சரி என்றார். அக்கா ஒரு வாளி நிறையக் கரைத்துக்கொண்டு வந்து கல்லுக்கும் தெளித்தார், எனக்கும் தெளித்தார். வேலியைப் பிரித்துவிட்டோம். அங்கே கருங்கல் போனது, இங்கே சீமெந்துக் கல் வந்தது. லொறி இல்லை, பாதை இல்லை, துறை இல்லை. மேசனின் கூலியும் மிச்சச் சாமானும் இரண்டாம் தவணை வரும்வரைக்கும் கடன்.

ஆஹா, அதற்குப் பிறகு சுவர் எழும்பிய எழும்பல்! ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பினால் வீடு முந்திய நாளை விட உயரமாக நிற்கும். இடுப்பளவு வந்தது. சன்னல் வைத்தோம். தோளளவு வந்தது. நான் குசினி இடத்தில் நின்று சன்னலால் வெளியே பார்த்தேன். வெறும் வேலியும் பொன்னம்மா அக்காவின் ஆடும்தான் தெரிந்தன. அதைப் பார்க்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இவரை இரண்டு தரம் கூப்பிட்டேன்.

வானம் கறுக்கத் தொடங்கிய கிழமையில் லிண்டல் கொங்கிரீட் போட்டோம். பலகை கழற்றிய அடுத்த நாள் உத்தியோகத்தர் வந்தார். நாடாவைப் பிடித்து அளந்தார். பக்கத்தில் கிளறிக் கிடந்த கானைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். என் புத்தி கெட்டுப்போய்க் கிண்டியது ஐயா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். இரண்டாம் தவணை வரும். வெட்டுப்படவில்லை. வீடு எங்களுடையது.

அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பியதும் இவர் என் தலையில் கையை வைத்தார். இருபது வருசத்தில் ஆட்கள் பார்க்க இவர் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு பொய்யை வைத்துக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை. சுகியைக் கூப்பிட்டேன். கிளறிய கானுக்குப் பக்கத்தில் இருத்தி நேரே சொன்னேன்.

"இதைத் திருப்பிப் போடமாட்டம் மகள். உனக்கெண்டு வீடு இல்ல. அம்மாவால ஏலாமப் போச்சு. இருக்கிறது இந்த ஒண்டுதான்."

அவள் அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன்.

"அப்ப பின்வளவுக் கொட்டில்?" என்று கேட்டாள்.

"அதுக்கும் சல்லி இல்ல புள்ள."

"நீங்களும் அப்பாவும் எங்க படுக்கிற?"

"இதுக்குள்ளதான். வேற எங்க?"

அவள் எழும்பி ஓடினாள். வினோதினி சாரமரத்தில் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுகி கீழே நின்று அவளுக்குச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"அக்கா, அம்மாவும் அப்பாவும் எங்கயும் போகல்லயாம்."

மூத்தவள் வாளியைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். இரண்டு பேரும் எவ்வளவு நாளாக இதைத் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்களோ, நான் கேட்கவில்லை. என்னை நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் மேலும் ஒரே சீமெந்து.